மேக்ரோ கோப்பை வாடிக்கையாளருக்கு அனுப்ப: அன்பிளாக், ஃபோல்டர், கையொப்பம் – எது சரி?

மேக்ரோ என்பது எக்செல் கோப்புக்குள் இருந்து வேலைகளைத் தானாகச் செய்யும் நிரல். அப்படி ஒரு கோப்பை நான் அனுப்பியபோது, “சிவப்புப் பட்டை வருகிறது, பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை” என்று வாடிக்கையாளர் ஒருவரின் கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. நான் திரும்ப அழைப்பதற்குள் அங்கிருந்தவர்களே வழி கண்டுபிடித்திருந்தார்கள். எக்செல்லின் பாதுகாப்பு அமைப்புகள் உள்ள ட்ரஸ்ட் சென்டரில், நம்பகமான இடங்களின் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே சேர்த்துவிட்டார்கள். என் கோப்பு ஓடியது. இனி அந்த ஃபோல்டரில் வந்து விழும் யாருடைய மேக்ரோவும் அதேபோல் ஓடும். அதற்குக் காரணம் நான் அனுப்பிய கோப்பு என்பது என்னை மிகவும் உறுத்தியது.

2022-க்கு முன்பு மஞ்சள் பட்டையில் ஒரு முறை அழுத்தினால் மேக்ரோ ஓடும். மின்னஞ்சலில் தீநிரல் அனுப்புகிறவர்கள் நம்பியிருந்ததும் அந்த ஓர் அழுத்தலைத்தான். அந்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் அதை மாற்றியது. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ இறங்கும் கோப்பில் விண்டோஸ் ஓர் அடையாளம் இடும். அது இருந்தால் ஆபீஸ் மேக்ரோவைத் தடுத்துவிடும். நல்ல மாற்றம்தான். அதைத் தளர்த்தாமல் எப்படிக் கோப்பு கொடுப்பது என்பதே நம் பாடு.

மேக்ரோவே இல்லாமல் முடியுமானால் அதுவே முதல் வழி. தரவைச் சேர்ப்பது, சுத்தம் செய்வது போன்றவற்றை எக்செல்லிலேயே உள்ள பவர் குவெரி என்ற கருவி பார்த்துக்கொள்ளும். என் கோப்பிலும் பாதி வேலையை அதற்கு மாற்றினேன். கிளைவாரியாக பிடிஎஃப் எடுத்துப் பெயரிட்டுச் சேமிக்கும் பகுதி மட்டும் மாறவில்லை. மேக்ரோவுக்கு மாற்றாக மைக்ரோசாஃப்ட் தரும் ஆபீஸ் ஸ்கிரிப்ட்ஸை நான் சிறு வேலைகளுக்கே பயன்படுத்தியிருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அன்பிளாக் செய்வது, அதாவது விண்டோஸ் இட்ட அந்த அடையாளத்தை நீக்குவது, எளிது. கோப்பை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் திறந்து, அடியில் உள்ள அன்பிளாக் கட்டத்தில் டிக் வைத்தால் போதும். ஒரே ஒரு கோப்பு, ஒரே ஒரு ஆள் என்றால் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் மாதம் ஒரு திருத்தம் அனுப்புகிறேன், ஐந்து பேர் திறக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரும் அந்த டிக் வைக்க வேண்டும். கை பழகிவிட்டால், நாளை என் பெயரில் வேறொருவர் அனுப்பும் கோப்புக்கும் அதே டிக் விழும்.

தனி ஃபோல்டரை நம்பகமான இடமாக்குவது அந்தத் தொல்லையைத் தீர்க்கும். ஆனால் எக்செல் அங்கே ஃபோல்டரை நம்புகிறது, கோப்பை எழுதியவரை அல்ல. வேறு வழியே இல்லையென்றால், ஓரிருவர் மட்டுமே கோப்பு வைக்கக்கூடிய குறுகிய ஃபோல்டராக இருக்கட்டும்.

அடுத்த பதிப்பு போகும்போது வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்ற கேள்விதான் என்னை, நிரலை எழுதியவர் யார் என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தின் பக்கம் கொண்டுவந்தது. கையொப்பத்துக்குரிய என் சான்றிதழை அவர்களுடைய ஐடி பிரிவு ஒரு முறை நம்பகமான வெளியீட்டாளர் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதன் பிறகு நான் கையொப்பமிட்டு அனுப்பும் பதிப்புகள் மின்னஞ்சலில் வந்தாலும் சிவப்புப் பட்டையின்றித் திறக்கும். கையொப்பமில்லாத மேக்ரோ எதுவும் ஓடக் கூடாது என்று அவர்கள் அமைப்பை இன்னும் இறுக்கவும் செய்யலாம். என் கோப்புக்கு அதனால் பாதிப்பில்லை.

கையொப்பம் விபிஏ நிரலை, அதாவது மேக்ரோவின் நிரலை, மட்டுமே காக்கிறது. அவர்கள் எண்களை உள்ளிட்டு எத்தனை முறை சேமித்தாலும் அது அப்படியே இருக்கும். நிரலில் ஒரு வரி மாறினால் போய்விடும். ஒரு முறை வாடிக்கையாளரின் ஊழியர் ஒருவர் தாளின் பெயரை நிரலுக்குள் மாற்றினார். மறுநாள் மேக்ரோ ஓடவில்லை. அவருக்கு எரிச்சல். எனக்கோ நிம்மதி, யாரோ நிரலைத் தொட்டது உடனே தெரிந்துவிட்டதே!

சிரமங்களும் உண்டு. கையொப்பமிட்டால் மட்டும் போதும் என்று நினைத்து முதலில் ஏமாந்தேன். வாடிக்கையாளரின் கணினியில் சான்றிதழ் பட்டியலில் ஏறாதவரை சிவப்புப் பட்டை வரத்தான் செய்யும். நாமே சான்றிதழ் உருவாக்கிக்கொள்ள ஆபீஸுடன் வரும் செல்ஃப்செர்ட் கருவி இலவசம், ஆனால் அந்தச் சான்றிதழ் என் கணினியில் சோதனைக்கு மட்டுமே. அதை மூலச் சான்றிதழாக ஏற்கும்படி அடுத்தவரிடம் கேட்பது நியாயமில்லை. 2023 ஜூன் முதல், சான்றிதழ் வழங்கும் பொது நிறுவனங்களிடம் வாங்கும் சான்றிதழின் தனிச் சாவி (கையொப்பமிடப் பயன்படும் ரகசியக் குறியீடு) பாதுகாப்பான வன்பொருளில்தான் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது யூஎஸ்பி டோக்கன். அது கையில் இல்லாத நாளில் அவசரத் திருத்தமும் காத்திருக்கும். கையொப்பமிட்ட நேரத்தைப் பதிக்கும் நேர முத்திரை சேர்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சான்றிதழ் காலாவதியாகும்போது பழைய கோப்புகளின் கையொப்பமும் செல்லாமல் போகும்.

மேக் பயன்படுத்தும் வாடிக்கையாளர் எனக்கு ஒருவரே என்பதால், இங்கே சொன்னதெல்லாம் விண்டோஸுக்குத்தான்.

அந்தக் கணக்குப் பிரிவில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். சான்றிதழைப் புதுப்பிக்கும்போது, பழையது முடிவதற்கு ஒரு மாதம் முன்பே புதியதை ஐடி பிரிவுக்கு அனுப்பி, அந்தச் சான்றிதழை அடையாளம் காட்டும் தம்ப்பிரிண்ட் எண்ணைத் தொலைபேசியில் வாசித்துச் சரிபார்க்கச் சொல்கிறேன்.