தினமும் அரை மணியா, ஞாயிறு மூன்று மணியா?

ஆபீஸ் போய்க்கொண்டே வீணை கற்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. ஞாயிறு லீவு விட்டால் இரண்டும் வாரத்துக்கு மூன்று மணிதான். பலன் மட்டும் ஒன்றல்ல.

விரல்:
தினசரி – இடது கை ஆள்காட்டி, நடுவிரல் நுனியில் காய்ப்பு ஏறி நிற்கும்.
ஞாயிறு – காய்ப்பு பிடிக்காது. ஒரு மணி நேரத்திலேயே தந்தி விரலை அறுக்கும்.

கை ஓட்டம்:
தினசரி – மாயாமாளவகௌளை ராகத்தில் பழகும் ஆரம்பப் பாடமான சரளி வரிசை மூன்று காலமும் (வேகமும்) தானாக ஓடும்.
ஞாயிறு – மூன்றாம் காலத்தில் தாளம் நழுவும். போன வாரம் விட்ட இடத்தைப் பிடிக்கவே முக்கால் மணி போகும் (சொந்த அனுபவம்).

சுருதி: இதில் ஞாயிறுதான் ஜெயிக்கிறது. உறை கழற்றி ஏழு தந்தியையும் சேர்க்கவே எனக்குப் பத்து நிமிஷம்; அரை மணியில் மூன்றில் ஒரு பங்கு காலி.

அக்கம்பக்கம்: ராத்திரி ஒன்பதுக்கு மேல் மயிலாப்பூர் ஃப்ளாட்டில் வீணை ஓகே. மிருதங்கம் என்றால் கீழ்வீட்டு மாமா படியேறி வந்துவிடுவார். மிருதங்கக்காரர்களுக்கு ஞாயிறு பகல்தான் வழி.

வர்ணம் (ஆரம்பப் பாடங்களுக்குப் பின் வரும் உருப்படி) எட்டாதவர்கள் தினசரிக்கே போங்கள். ஆலாபனை (ராகத்தை விரித்து வாசிப்பது) தொட்டவர்களுக்கு அரை மணி போதாது, ஞாயிறும் வேண்டும். நான் தினசரி கட்சி. மார்கழியில் சபா சபாவாக அலைவதில் அதுவும் கால் மணியாகிவிடும்.