மரப் பியானோவா, டிஜிட்டலா?

மேடைப் பியானோ கலைஞராக வேண்டும் என்பது மகளின் ஆசை. வீடு புதுச்சேரியில், கடலுக்குப் பக்கத்தில்.

மரப் பியானோவில் சுமார் 230 கம்பிகள். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஐப்பசி மழையில் மரம் ஊதிச் சுருதி விலகும், அழுத்திய கட்டை எழாமல் ஒட்டிக்கொள்ளும். டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை, ஹெட்ஃபோன் மாட்டி நடுராத்திரியிலும் வாசிக்கலாம். 88 கட்டைகளும், அழுத்தும்போது விரலுக்கு நல்ல கனமும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

ஆனால் 1927இல் போலந்தின் வார்சாவில் தொடங்கிய ஷோபின் சர்வதேசப் பியானோ போட்டி மேடையில் இருப்பது மரப் பியானோதான். கம்பளி சுற்றிய சுத்தியல் கம்பியில் பட்டு, நாதம் மெல்ல அடங்குவதைக் காதும் காலும் சேர்ந்து பழக வேண்டும். பெடலை அரைகுறையாக மிதிக்கும் நுணுக்கம் அங்கேதான் முழுசாகக் கைவரும். சரி, இப்போதைக்கு டிஜிட்டல். அவள் பிடிவாதமாகத் தொடர்ந்தால், துருவோடு மல்லுக்கட்டியாவது மரப் பியானோ வாங்குவேன்.