கொல்லைப் பூக்களும் எண்ணெய் வண்ணமும்: ஏழு வருடத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில், 2018-இல் நான் வரைந்த பன்னீர் ரோஜா மாட்டியிருக்கிறது. வரைந்த அன்று நல்ல இளஞ்சிவப்பு. போன மாதம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், “வெள்ளை ரோஜா கூட உங்கள் கொல்லையில் இருக்கிறதா?” என்று கேட்டார். இருந்ததே இல்லை. சுவரிலிருந்து கழற்றிப் பார்த்தேன். சட்டத்தின் விளிம்பு மறைத்திருந்த கால் அங்குலத்தில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போய், அழுக்குத் துணி நிறத்தில் நின்றது.

எண்ணெய் வண்ணம் வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் அனுபவங்கள் எதற்கும் உதவாது என்று நான் நினைப்பது இதனால்தான். முதல் வாரத்தில் எல்லா டியூபும் அழகாகத்தான் இருக்கும். எது நின்றது, எது மஞ்சளித்தது, எது வெடித்தது என்பதெல்லாம் வருடக்கணக்கில்தான் தெரியவருகிறது. ஏழு வருடமாகக் கொல்லையில் பூப்பதை மட்டுமே வரைந்துவருகிறேன். நாற்பதுக்கு மேல் படங்கள் ஆகிவிட்டன. பாதிக்கு மேல் தேறாதவை. தேறாதவற்றிலிருந்து கற்றதுதான் அதிகம்.

ரோஜா வெளுத்ததற்குக் காரணம் அந்த டியூப். “ரோஸ்” என்று மட்டும் போட்டிருந்தது. உள்ளே என்ன நிறமி என்ற குறியீடு கிடையாது. மாணவர்களுக்கான மலிவுத் தரம். வெயில் தாங்காத சிவப்புச் சாயங்கள் வெள்ளையோடு கலந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஓர் ஆறுதல். டச்சு ஓவியர் வான்கா 1890-இல் வரைந்த ரோஜாப் படங்களும் முதலில் இளஞ்சிவப்பாக இருந்தவைதான். அவர் பயன்படுத்திய செந்நிறச் சாயம் ஒளியில் வெளுத்து, இன்று அருங்காட்சியகத்தில் அவை வெள்ளை ரோஜாக்களாகத்தான் தெரிகின்றன. இப்போதெல்லாம் டியூபின் பின்புறச் சிறு எழுத்தைப் படிக்காமல் நான் சிவப்பு வாங்குவதில்லை. பிவி 19 என்று இருந்தால் அது குவினாக்ரிடோன் என்ற, வெயில் தாங்கும் நிறமி, நம்பலாம். பிஆர் 83 என்றால் பழைய அலிசரின் கிரிம்சன். பார்க்க மயக்கும், ஆனால் மெல்லிய பூச்சில் நிற்காது. “ஹ்யூ” என்று பெயரின் வாலில் இருந்தால் அது அசல் அல்ல, அதன் சாயலில் வேறு ஏதோ நிறமி. சாயல் என்பதாலேயே மோசம் என்று சொல்லிவிட முடியாது. குறியீட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இனி செம்பருத்தி. எங்கள் கிணற்றடியில் இருப்பது ஒற்றை அடுக்குச் சிவப்பு. காலையில் விரிந்து, அன்று மாலையே சுருண்டுவிடும். எண்ணெய் வண்ணமோ காய நாள்கணக்கில் எடுத்துக்கொள்வது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து வேலை செய்வதுதான் முழுச் சிக்கலும். போதாக்குறைக்கு அம்மா. ஆறு மணிக்கே குடலையோடு கிளம்பிவிடுவார். நான் முந்தின நாள் மாலையே எந்த மொட்டு எந்தப் பக்கம் திரும்பி மலரும் என்று பார்த்து வைத்திருப்பேன். படம் வைக்கும் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போனால் காம்பு மட்டும் இருக்கும். “சாமிக்கு இல்லாத பூ உன் படத்துக்கு எதற்கு?” என்பார். இரண்டு வருடம் இந்தச் சண்டை நடந்தது.

சண்டை தீர்ந்தது தற்செயலாக. செம்பருத்தியைப் பறித்துத் தண்ணீர் இல்லாமல் வைத்தாலும், செடியில் இருப்பதைப் போலவே அன்று முழுக்க விரிந்திருக்கும். சாமி படத்தில் மத்தியானம் வரை வாடாமல் இருந்ததைப் பார்த்துத்தான் புரிந்தது. காலையில் பறித்த பூவை ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ராத்திரி வரைக்கும்கூட மூடாமல் இருக்கிறது. இப்போது அம்மாவே ஒரு பூவை எனக்கென்று சமையலறை மேடையில் வைத்துவிட்டுப் போகிறார். காய்கறிக்கு நடுவே கத்தரிக்காய் மேல் வைத்தால் நசுங்கும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக வரையலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். முயன்றேன். போன் கேமராவுக்குச் செம்பருத்திச் சிவப்பு பிடிபடுவதே இல்லை. இதழ் முழுக்க ஒரே சிவப்புத் திட்டாக வருகிறது. நரம்பு, மடிப்பு, அடிவாரத்தின் கருஞ்சிவப்பு எல்லாம் கரைந்துபோகிறது. பூ கண்ணெதிரே இருந்தால்தான் வேலை நடக்கும். முதல் ஒன்றரை மணி நேரத்தில் பூவை ஈரத்தோடு ஈரமாக முடித்துவிடுவேன். இலை, பின்னணி எல்லாம் மறுநாள், மறுவாரம்.

சிவப்பில் நான் செய்த பெரிய தவறு, வெளிச்சம் விழும் இடத்துக்கு வெள்ளையைக் கலந்தது. வெள்ளை கலந்த சிவப்பு வெளிச்சமாகத் தெரியாது, பிங்க்காகத்தான் தெரியும். வெயில் பட்ட இதழுக்கு ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு, நிழலுக்குக் குவினாக்ரிடோனில் துளி அல்ட்ராமரின் நீலம். வான வெளிச்சம் பட்டு இதழ் பளபளக்கிற ஓரத்தில் மட்டும் வெள்ளை கலந்த குளிர்ந்த பிங்க், அதுவும் ஒரே இழுப்பு. நரம்புகளைத் தனியாக வரைவதில்லை. ஈர வண்ணத்தைத் துணி சுற்றிய நகத்தால் லேசாக வழித்தால் அடியில் இருக்கும் வெளிர் பூச்சு எட்டிப் பார்க்கும். நடுத் தண்டில் மகரந்தப் புள்ளிகள் கடைசியில், பிரஷின் மரக்காம்பு முனையால், மஞ்சளைத் தடிமனாகத் தொட்டு வைப்பது. இந்த ஒரு வேலைக்காகவே நான் செம்பருத்தி வரைகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

சங்குப்பூ சுலபம்: அல்ட்ராமரினே பாதி வேலையைச் செய்துவிடும், குவினாக்ரிடோன் துளி போதும். கனகாம்பரத்தை நான் விட்டுவிட்டேன். என் கைக்கு வரவில்லை.

பச்சைதான் கழுத்தை அறுப்பது. டியூபிலிருந்து வரும் பச்சையை அப்படியே பூசினால் பிளாஸ்டிக் இலை. அல்ட்ராமரின், காட்மியம் மஞ்சள், அதோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு என்று நானே கலக்கிறேன். செம்பருத்தி இலையை உற்றுப் பாருங்கள்: வானம் பார்த்த முகம் பச்சையே இல்லை, சாம்பல் நீலம். வெயில் ஊடுருவும் இலைதான் மஞ்சள் பச்சை. இது பிடிபட மூன்று வருடம் ஆயிற்று.

இப்போது தேங்காய் எண்ணெய்க் கதை. முதல் வருடம், ஞாயிற்றுக்கிழமை, வண்ணத்தில் கலக்கும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், தீர்ந்துவிட்டது. எண்ணெய் எண்ணெய்தானே என்று சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கலந்து நந்தியாவட்டையை வரைந்தேன். ஒரு மாதம் காத்திருந்தேன். காயவில்லை. ஒரு வருடம் ஆயிற்று. தொட்டால் விரலில் ஒட்டியது. ஆளிவிதை எண்ணெய் காய்வது ஆவியாகி அல்ல; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தோலாக இறுகுவதால். தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணமே இல்லை. அந்தப் படத்தில் இன்று ஒரு கொசு, இரண்டு எறும்பு, வீட்டுத் தூசி எல்லாம் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. எறிய மனமில்லை, பரண்மேல் இருக்கிறது.

அதே சமயம், சமையலறைப் பக்கத்திலிருந்து வந்த இன்னொன்று உதவியது: கிராம்பு எண்ணெய். பல்வலிக்கு மருந்துக் கடையில் விற்பார்களே, அதுதான். பேலட்டில் (வண்ணம் கலக்கும் பலகையில்) பிழிந்த வண்ணத்தோடு குண்டூசித் தலையளவு சேர்த்தால் காய்வது தள்ளிப்போகும்; மறுநாள் காலையும் அதே கலவையோடு உட்காரலாம். அதிகம் ஊற்றினால் தேங்காய் எண்ணெய்க் கதைதான்.

வெள்ளைப் பூக்களைப் பற்றி ஒரு விஷயம். நந்தியாவட்டை இரண்டாவது முயற்சியில் நன்றாக வந்தது. சட்டம் போட நேரமில்லாமல் அலமாரியின் பின்னால் சொருகி வைத்து மறந்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து எடுத்தால் பூ முழுக்க நெய் நிறம். மனம் உடைந்தது. லின்சீட் ஆயில் இருட்டில் இருந்தால் மஞ்சளிக்கும் என்பதும், வெளிச்சத்தில் வைத்தால் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. திண்ணையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில் சில வாரம் வைத்தேன். முழுக்க இல்லாவிட்டாலும் வெள்ளை திரும்பியது. ஆக, ரோஜாவைக் கெடுத்த அதே வெளிச்சம் நந்தியாவட்டையைக் காப்பாற்றியது. இன்று வெள்ளைக்குக் குசும்பா எண்ணெயில் அரைத்த டைட்டானியம் ஒயிட்தான் வாங்குகிறேன். மஞ்சளிப்பது குறைவு, ஆனால் காய நாளாகும். அதனால் அதை அடிப்பூச்சுக்கு வைப்பதில்லை. மெதுவாகக் காய்வது எப்போதும் மேலேதான் வர வேண்டும், இல்லாவிட்டால் மேல்தோல் வெடிக்கும்.

எங்கள் ஊர் காவிரிக் கரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேன்வாஸின் முதுகில் கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கிறது. சுவரோடு ஒட்டி மாட்டியதுதான் தப்பு. இப்போது சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி, காற்றுப் போக விரலளவு இடம் விடுகிறேன். வார்னிஷையும் மழைக்காலத்தில் தொடுவதில்லை. எப்படியும் படம் முடிந்து ஆறு மாதமாவது காத்திருந்த பிறகுதான் அது.

பிரஷ் கழுவும் டர்ப்பன்டைனின் வாடை தலைவலி தந்ததால் மூன்றாம் வருடமே நிறுத்திவிட்டேன். பிரஷை எண்ணெயில் அலசித் துணியில் துடைத்து, துணி சோப்புக் கட்டியில் தேய்த்துக் கழுவினால் போதும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வெளிவிடும். குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நான் கொடியில் விரித்துக் காய விட்டோ, தண்ணீரில் நனைத்தோதான் போடுகிறேன்.

ஹாலந்து நாட்டு யான் வான் ஹைசம் பூக்களை வரைவதில் பேர் போனவர். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு வருடங்கள் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு பூவும் அதனதன் பருவத்தில் மலரும் வரை காத்திருந்து வரைந்தவர் என்பார்கள். பவழமல்லி வரையும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததையே சாமிக்குப் போடலாம் என்பதால் அம்மாவும் நானும் ஒரே தரையில்தான் பொறுக்குகிறோம். வெள்ளை இதழைவிட அந்த ஆரஞ்சுக் காம்பு கடினம். ஒரு மணி நேரத்தில் சாயம் மங்கிவிடுகிறது. மூன்றாவது வருடமாக ஒரே படம் நடந்துகொண்டிருக்கிறது.

வெளுத்த ரோஜாவை மீண்டும் அதே இடத்தில் மாட்டிவிட்டேன். பக்கத்தில் வைக்கப் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறேன், இந்த முறை பிவி 19. கேன்வாஸின் முதுகில் தேதியையும் ஒவ்வொரு டியூபின் குறியீட்டையும் பென்சிலால் எழுதியாகிவிட்டது. செடியில் இரண்டு மொட்டு இருந்தது. ஒன்று இன்று காலை குடலைக்குள் போய்விட்டது.