ஃபில்மரா, லாக்கா: ஆட்சி எங்கிருந்து வந்தது?

ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது என்பது 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெறும் தத்துவக் கேள்வி அல்ல; அடுத்த அரசர் யார் என்ற சண்டையும் இதில் கலந்திருந்தது. மன்னராட்சியை ஆதரித்து எழுதிய ராபர்ட் ஃபில்மர் 1653இல் இறந்துவிட்டார். ஆனால் அப்போதைய அரசரின் தம்பியும் கத்தோலிக்கருமான ஜேம்ஸ் அரியணை ஏறலாமா என்ற சர்ச்சை மூண்டிருந்த 1680இல்தான் அவருடைய ‘பேட்ரியார்க்கா’ நூல் அச்சேறியது. பைபிள் சொல்லும் முதல் மனிதரான ஆதாமுக்குக் கடவுள் தந்த தந்தையதிகாரமே அரசர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அதனால் அவர்களைத் தட்டிக்கேட்கக் குடிமக்களுக்கு உரிமை இல்லை என்பது அவர் வாதம்.

தத்துவவாதி ஜான் லாக் 1689இன் இறுதியில் பெயர் போடாமல் வெளியிட்ட நூலின் முதல் பாகம் முழுக்க இதற்கு மறுப்புதான். தந்தையோடு தாயையும் மதிக்கத்தானே பைபிள் சொல்கிறது, தாயை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார். சரி, ஆதாமின் வாரிசு இன்று யார்? அது தெரியாதவரை எந்த அரசரும் அந்த உரிமையைக் கோர முடியாது. ஃபில்மரின் வாதத்தைச் சாய்க்க இந்த ஒன்றே போதும். மக்களின் சம்மதமே ஆட்சிக்கு அடிப்படை என்பது லாக்கின் முடிவு.

ஆனால் ஃபில்மரின் ஒரு கேள்வியை எளிதில் தள்ள முடியாது: எல்லோரும் கூடிச் சம்மதித்தது எப்போது? நாட்டின் சாலையில் நடந்தாலே மறைமுகச் சம்மதம் என்கிறார் லாக். அது பலவீனமான பதில். இருந்தாலும் நான் லாக் பக்கமே. நம்பிக்கையைக் கெடுத்த ஆட்சியை மக்கள் எதிர்க்க அவரிடம் வழி இருக்கிறது, ஃபில்மரிடம் இல்லை.