வார்டில் வரும் கவுட்: மூன்று மருந்துகளில் எது?

இதயம் தளர்ந்து நீர் கோத்துப் படுத்திருக்கும் பெரியவருக்கு ஃப்ரூசமைட் போட்டு வீக்கத்தை வடித்துவிடுகிறார்கள். இரண்டொரு நாளில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து, போர்வை பட்டாலே அலறுகிறார். இதுதான் கவுட், யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிந்து வரும் வலி. நீரிறக்கும் மருந்தான ஃப்ரூசமைட் யூரிக் அமிலத்தை வெளியேற விடாமல் தேக்கியதன் விளைவு இது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் இப்படி வருவதுண்டு. தாக்குதலின்போது ரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாகவே இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை நம்பிக் கவுட் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. காய்ச்சலும் இருந்தால் முதலில் மூட்டு நீரை எடுத்துக் கிருமி உண்டா என்று பார்க்க வேண்டும். ஊசிபோன்ற படிகங்கள் தெரிந்தாலும் கிருமி இல்லையென்று ஆகிவிடாது.

டைக்ளோஃபெனாக், எடோரிகாக்ஸிப் போன்ற வலி மாத்திரைகள் நன்றாகவே கேட்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, வயிற்றுப்புண் இவற்றில் எது இருந்தாலும் அவை ஆகாது. தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கத்து முதியோர் வார்டில் இவை எதுவும் இல்லாத நோயாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கோல்ச்சிசின் நம் மண்ணுக்கு நெருக்கமான மருந்து. வேதாரண்யம் பக்கத்து மணலில் பயிராகும் செங்காந்தளின் விதையில் இருக்கும் சத்து அது. அதே செடியின் கிழங்கைத் தின்று உயிரை விட்டவர்களும் உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது. வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை கொடுத்த பழைய முறையை இன்றும் பின்பற்றுபவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. முதலில் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி. என்பதே அன்றைக்குப் போதும். வலி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பயன். சிறுநீரகம் பழுதானவருக்குச் சளிக்காகக் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஓடிக்கொண்டிருந்தால் இதைத் தொடவே கூடாது. உடம்பில் தேங்கிவிட்டால் டயாலிசிஸாலும் எடுக்க முடியாது.

என் வாக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைக்கே. தினம் 30 முதல் 35 மி.கி., ஐந்து நாள். சர்க்கரை ஏறும், உண்மைதான். வீட்டில் என்றால் அது கவலை. வார்டில் வேளாவேளைக்குச் சர்க்கரை பார்க்க நர்ஸ் இருக்கிறார், இன்சுலினும் இருக்கிறது. இதய நோயாளிக்கு மறுபடி நீர் கோக்கிறதா என்று எடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூட்டில் கிருமி இருக்குமோ என்ற சந்தேகம் தீராதவரை மட்டும் பொறுக்கலாம்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுபவருக்கு வலி வந்ததும் அதை நிறுத்தும் வழக்கம் பல இடங்களில் இன்னும் போகவில்லை. நிறுத்தத் தேவையில்லை, டிஸ்சார்ஜ் சீட்டிலும் அது விடுபடாமல் இருக்கிறதா என்று கூட இருப்பவர் கேட்டுவிடுவது நல்லது.