உப்புவெளி பிரெஞ்சு வகுப்பு: தலைக்கும் சட்டிக்கும் என்ன உறவு?

விடுதி, படகு, ஓட்டோ என்று வெள்ளைக்காரரை நம்பிப் பிழைக்கிற எங்களுக்காகத் திருகோணமலை உப்புவெளியில் பின்னேரத்தில் ஒரு பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிற நான் சேர்ந்தது நாலு வசனம் கதைக்கப் பழகத்தான். ரீச்சருக்கோ கதைப்பதைவிடச் சொல்லின் பூர்வீகத்தில்தான் பிரியம். அது உங்களுக்கும் பிடிக்குமென்றால் காசு கட்டுங்கள்.

தலைக்குப் பிரெஞ்சில் 'தெத்'. ஒரு வகுப்பு முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே போனது. லத்தீனில் தலை 'காபுத்'. அதன் வழியில் வந்த 'ஷெஃப்' தலைவனைக் குறிக்கப் போய்விட்டது. ஹோட்டல் குசினியில் அதிகாரம் பண்ணுகிற ஷெஃப்பும் அந்த வம்சம்தான். தலைக்கு மிஞ்சியது 'தெஸ்தா' என்ற இன்னொரு லத்தீன் சொல். அதுதான் 'தெத்' ஆனது. சுட்ட மண்சட்டி, ஓடு, உடைந்த துண்டு என்பதுதான் அதன் பழைய பொருள். சனம் பகிடியாக மண்டையைச் சட்டி என்று சொல்லிச் சொல்லியே நிலைத்துவிட்டதாம். நமக்கு இதில் என்ன புதினம்? மண்டையோடு என்கிறோம். புறநானூற்றில் பாணர் கையிலிருக்கும் மண்டையும் வாயகன்ற பாத்திரம்தானே.

'தெத்' என்று எழுதும்போது முதல் உயிரெழுத்தின் மேல் ஒரு சின்னக் கூரை போட வேண்டும். அந்த இடத்தில் முன்பு ஒரு 'ஸ்' இருந்தது. பேச்சில் அது எப்போதோ செத்துவிட்டது. 1740இல் வந்த பிரெஞ்சு அகாடமி அகராதி எழுத்திலும் எடுத்துவிட்டுக் கூரை போட்டது. ஆஸ்பத்திரிக்கு 'ஒபித்தால்', காட்டுக்கு 'ஃபொரே': இரண்டிலும் கூரை உண்டு. கூரைக்குப் பின்னால் 'ஸ்' போட்டுப் பாருங்கள், ஹொஸ்பிட்டலும் ஃபொரெஸ்டும் வந்து நிற்கும். கட்டிய காசு எனக்கு இதிலேயே செரித்துவிட்டது.

குறையும் உண்டு. போட்டோக்கொப்பி மங்கல், கூரை எது நுளம்பு எது என்றே தெரியாது. 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் திருகோணமலையைப் பிடித்த கதை தொடங்கினால் அன்றைய பாடம் அவ்வளவுதான். வாய்விட்டுக் கதைக்கிற பயிற்சி மிகக் குறைவு. 'ஷே மால் ஆ லா தெத்', அதாவது தலையிடிக்கிறது என்பதை நான் பழகியது வகுப்பில் இல்லை, உச்சி வெயிலில் படகில் வந்த ஒரு அம்மாவிடம்.

சீசனுக்கு முன் அவசரமாகப் பேசப் பழக வேண்டியவர்களுக்கு இது சரிவராது. மற்றவர்கள் ஒக்டோபரில் சேருங்கள். சீசனில் வகுப்பில் பாதிப் பேர் கடலில்தான் நிற்போம்.