திருமலை டவுன்: பன்னிரண்டு வருடம் பாவித்துப் பார்த்ததில்

போன கிழமை சந்தையில் வாங்கிய இரண்டு பிடி வல்லாரையை மான் தின்றுவிட்டது. சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு மருந்துக்கடைக்குள் போய் வந்த இடைவெளி, அவ்வளவுதான். வெளியே வந்தால் நன்றாக வளர்ந்த புள்ளிமான் ஒன்று கூடைக்குள் தலையை விட்டபடி நிற்கிறது. கீரையைக் கட்டியிருந்த வாழைநாரைக்கூட விட்டுவைக்கவில்லை. மருந்துக்கடைத் தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார், "அக்கா, நீங்க இந்த ஊருக்குப் புதுசா?"

திருகோணமலை டவுனுக்கு நான் வந்தது 2013இல். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றம். இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. இன்றுவரை டவுனுக்குள்ளேயே வாடகை வீடு, ஒரு சைக்கிள், மிச்சத்துக்கு நடை. ஆகவே இதை சுற்றுலா வந்தவரின் குறிப்பாக எடுக்காமல், ஒரு சாமானை நீண்ட நாள் பாவித்தவள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ தங்குவார்கள். புறாத்தீவுக்கு ஒரு நாள் போகும். டவுனுக்குக் கிடைப்பது அரை நாள்: வான் வண்டியில் வந்து கோணேஸ்வரம் கும்பிட்டு, கன்னியா வெந்நீரூற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு புறப்பாடு. அந்த அரை நாளும் அநேகமாக உச்சி வெயிலில் வந்து சேரும். டவுனுக்கு நேரம் பார்த்து வரவேண்டும். விடிய ஐந்தரையிலிருந்து எட்டு, பின்னேரம் நாலரையிலிருந்து எட்டு. நடுவில் உள்ள நேரம் வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் போகிறவர்களுடையது.

ஊரின் அமைப்பைச் சொன்னால் காரணம் விளங்கும். டவுன் இருப்பது கழுத்து மாதிரி ஒடுங்கிய நிலத்தில். கிழக்கே திறந்த கடல், டச் பே. மேற்கே உள்துறைமுகம். ஒரு தண்ணீரிலிருந்து மற்றத் தண்ணீருக்கு என் நடையில் பதினைந்து நிமிடம். டச் பே மணலில் நின்று சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்கலாம். அன்று பின்னேரமே உள்துறைமுக வீதியில் போய் நின்றால் அதே சூரியன் தண்ணீருக்கு அப்பால் மலைகளுக்குப் பின்னே இறங்குவதையும் பார்க்கலாம். கிழக்குக் கரையில் இருந்துகொண்டு இரண்டும் நடை தூரத்தில் வாய்ப்பது லேசில்லை. உள்துறைமுகப் பக்கம் சனமும் குறைவு. காற்று விழுந்த நாளில் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும்.

பிரெட்ரிக் கோட்டைக்கு விடியவே போங்கள். போர்த்துக்கீசர் பழைய கோணேஸ்வரம் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு 1624இல் கட்டிய கோட்டை இது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். பிரெட்ரிக் என்ற பெயர் ஆங்கிலேயர் வைத்தது. உள்ளே இப்போதும் ராணுவ முகாம் உண்டு, ஆனால் கோயிலுக்குப் போகும் பாதை எல்லாருக்கும் திறந்திருக்கிறது. வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். சுவர்க் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டுத் துண்டு. இடித்தவர்கள் எழுத்துள்ள கல்லையும் சேர்த்தே சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் வந்து மூன்று வருடம் அதற்குக் கீழால்தான் போய்வந்தேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மழைக்கு வாசலில் ஒதுங்கியபோதுதான் கண்ணில் பட்டது.

அங்கிருந்து ஏற்றம். இரு பக்கமும் ஆலும் வேம்பும், மரத்தடியில் மான்கள் படுத்திருக்கும். மேலே சம்பந்தர் பாடிய கோணமாமலை. இன்றைய கோயில் புதிது, 1963இல் கும்பாபிஷேகம் கண்டது. அதற்கு முன் 1950இல் டவுனில் கிணறு தோண்டும்போது பழைய வெண்கலத் திருவுருவங்கள் நிலத்துக்குள்ளிருந்து வெளிப்பட்டன. தோண்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்ற கோலத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும். கோயிலைச் சுற்றி இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுப் பக்கம் போனால் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னத் தொட்டில்கள் ஆடும், கீழே செங்குத்தாகக் கடல். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்விடாதீர்கள். செருப்பைக் கழற்றி வைத்த பிறகு அந்தத் தரையில் நடந்து வந்தால் நேர்த்திக்கடன் கணக்கில்தான் எழுதவேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்கு மணிக்கூட்டுக் கோபுரப் பக்கம் இறங்கினால் போதும். சைவக்கடையில் இடியப்பம், சொதி, சம்பல், ப்ளேன் டீ. பக்கத்திலேயே சந்தை. மீன் வாங்குகிறவர்கள் ஏழரைக்கு முன் போகவேண்டும். பாரையும் விளைமீனும் நல்லதாகக் கிடைக்கும், விலை கேட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போவதுபோல இரண்டு அடி வையுங்கள், குறையும். கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியோடு வரும். அதை மட்டும் பேரம் பேசாமல் வாங்கிவிடுவேன்.

குடியிருப்பவருக்கு இந்த டவுன் தரும் பெரிய வசதி கிட்டம்தான். பொது வைத்தியசாலை, தபால் கந்தோர், வங்கிகள், பள்ளிக்கூடங்கள், பஸ் நிலையம் எல்லாம் நடந்து போகிற தூரம். ரயில் நிலையமும் அதிக தூரமில்லை. கொழும்பு இரவு ரயிலில் வந்து இறங்கினால், பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிடுவேன். 2022இல் பெட்ரோல் வரிசையில் நாடே நின்றபோது எங்களுக்குக் கஷ்டம் குறைவாக இருந்ததற்கும் இதுதான் காரணம். அந்த மாதங்களில் மத்திய வீதியில் சைக்கிள் மணிச் சத்தம்தான்.

பின்னேரம் டச் பே. இதற்கு விளக்கமே தேவையில்லை, ஊரே அங்கேதான் இருக்கும். பட்டம், பந்து, அலையில் உடுப்போடு இறங்கிவிட்ட பிள்ளைகள், கரையில் நின்று கத்தும் அம்மம்மாக்கள். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் பாய் விரித்திருப்பார்கள். இறால் வடையை எண்ணெய் வடிய வடியப் பேப்பரில் தருவார்கள். வடைக்கு மேலே இறால் முழுதாக, மீசையோடு உட்கார்ந்திருக்கும். நான் முதலில் தலையைக் கடித்து முடித்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு வருவேன். அப்புறம் கச்சான், அதாவது நிலக்கடலை. சூட்டு மணலில் வறுத்தது, சுருளில் கட்டித் தருவார்கள். வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து அடிக்கும் சூட்டுக் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். "கச்சான் அடிக்குது, கச்சான் வாங்குங்கோ" என்று ஒரு ஐயா பல வருடமாக ஒரே பகிடியைச் சொல்லி விற்கிறார். நானும் பல வருடமாகச் சிரிக்கிறேன்.

கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படை அதிகாரி சார்ல்ஸ் ஆஸ்டின், 1852இல் பர்மாவில் இறந்தவர், அங்கேதான் கிடக்கிறார். மைதானத்தருகே பத்திரகாளி அம்பாள் கோயில் கோபுரத்தை மாலைப் பூசை நேரத்தில் பாருங்கள். கடற்படை அருங்காட்சியகம் ஒருமுறை பார்க்க நல்லது, இரண்டாம் முறை நான் போனது மின்விசிறிக்காக.

இனிக் குறைகள். பொது மலசலகூடம் தேடி அலையவேண்டும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது சின்ன விஷயமில்லை. கடற்கரையில் நிழல் கிடையாது. ஞாயிறு இரவு சனம் கலைந்த பிறகு மணலைப் பார்த்தால் வெட்கமாக இருக்கும். அந்தக் குப்பைக்குத்தான் மான்கள் வருகின்றன, சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை அவை மெல்லுவதை நின்று பார்த்திருக்கிறேன். நீங்களாகப் பாண் கொடுத்துப் பழக்காதீர்கள். ஓட்டோ ஏறுமுன் காசைப் பேசிக்கொள்ளுங்கள். வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குப் பல கடைகள் பூட்டியிருக்கும். பள்ளிக்கூடம் விடும் ஒன்றரை மணிக்கு வீதியைக் கடக்கவேண்டாம். மார்கழி மழையில் சில ஒழுங்கைகளில் முழங்கால் அளவு தண்ணீர், அந்த மாதங்களில் கடலில் இறங்குவதும் கூடாது.

தங்குமிடத்தை நேரில் பார்த்துப் பிடியுங்கள். கொழும்புச் சித்தப்பா குடும்பம் வந்தபோது போனில் "கடல் தெரியும் அறை" என்று சொன்ன ஒரு இடத்தை நம்பிக் காசு கட்டினேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கி. கேட்டதற்கு, "மொட்டை மாடிக்குப் போனால் தெரியும் அக்கா" என்றார்கள். போய்ப் பார்த்தோம், உடுப்புக் கொடிகளுக்கு நடுவால் ஒரு நீலக் கீற்று தெரிந்தது. வருகிற சிவராத்திரிக்கு சுவாமி நகர்வலம் பார்க்கச் சித்தப்பா மறுபடி வருகிறார். இந்த முறை எங்கள் விறாந்தையில்தான் பாய்.